அடைப்புக்குறி நகர்ந்தால்

அன்புள்ள கதிரேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீடு மாறிய அலுப்பிலும் பேத்தியின் இயற்கணிதச் சந்தேகத்தை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய் என்றால் நலமாகத்தான் இருக்கிறாய். இடம் மாற்றினாலும் விடை மாறாத பரிமாற்றுப் பண்பு இருந்தால், அடைப்புக்குறியை எங்கே போட்டாலும் விடை மாறாத சேர்ப்புப் பண்பும் தானாக வந்துவிடாதா என்று கேட்டாளாமே. முதுகலைத் தேர்வில் நானும் அப்படி எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டவன்தான்.

இரண்டு எண்களின் சராசரியை ஈருறுப்புச் செயலியாக, அதாவது இரண்டு எண்களை வாங்கி ஒன்றைத் தரும் கணக்காக, எடுத்துக்கொள்ளச் சொல். எந்த எண் முன்னால் நின்றாலும் சராசரி மாறாது. ஆனால் 2, 4, 8 என்ற வரிசையில் முதலிரண்டின் சராசரியான 3ஐ 8உடன் சேர்த்துச் சராசரி பார்த்தால் 5.5 வருகிறது, பின்னிரண்டின் சராசரியான 6ஐ 2உடன் சேர்த்துப் பார்த்தால் 4தான் வருகிறது. எண்கள் இடம் மாறவே இல்லை, அடைப்புக்குறி மட்டும் நகர்ந்திருக்கிறது.

மறுதிசையிலும் அப்படியே, சேர்ப்புப் பண்பு இருந்தால் பரிமாற்றுப் பண்பு வந்துவிடாது. 5ஐ இரட்டித்து 1 கூட்டினால் 11, 1 கூட்டி இரட்டித்தால் 12. வரிசை மாறினால் விடை மாறுகிறது. ஆயினும் மூன்றாவதாக வர்க்கப்படுத்துவதையும் சேர்த்துக்கொண்டு, எந்த இரண்டை முதலில் ஒன்றாகக் கட்டினாலும், எண் அதே மூன்று படிகளை அதே வரிசையில்தான் கடக்கிறது. எண்களைக் கட்டமாக அடுக்கிய அணிகளின் பெருக்கலும் இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதுதான், அதற்குச் சேர்ப்புப் பண்பு கிடைப்பதும் இதனால்தான். இயற்கணிதக்காரர்கள் பரிமாற்றுப் பண்பை எளிதாகக் கைவிட்டு சேர்ப்புப் பண்பை இறுகப் பிடித்துக்கொள்வதற்கும் இதுவே காரணம் என்பேன்.

பரிமாற்றுப் பண்புக்குப் பிரெஞ்சுக் கணிதர் செர்வுவா 1814இலேயே பெயரிட்டுவிட்டார். சேர்ப்புப் பண்பு பெயர் பெற அயர்லாந்துக் கணிதர் ஹாமில்டன் வரவேண்டியிருந்தது. அவர் 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் கால்வாயோரம் மனைவியுடன் நடந்துபோகையில் நான்கு கூறுகள் கொண்ட குவாட்டர்னியன் எண்களைக் கண்டு, பாலத்துக் கல்லில் சூத்திரத்தைக் கீறிவைத்தார். அவற்றின் அலகுகளான ஐ, ஜே, கே (i, j, k) மூன்றில் ஐயை ஜேயால் பெருக்கினால் கே, திருப்பிப் பெருக்கினால் கழித்தல் கே. மறுநாளே நண்பர் ஜான் கிரேவ்ஸுக்கு எழுதினார். கிரேவ்ஸ் டிசம்பரிலேயே எட்டுக் கூறுகள் கொண்ட எண்களை உருவாக்கி எழுத, அவற்றில் சேர்ப்புப் பண்பும் இல்லை என்று 1844 ஜூலையில் ஹாமில்டன் சுட்டிக்காட்டினார்.

கிரேவ்ஸின் அந்த எண்களைப் பற்றித் தானே எழுதி அறிவிப்பதாகவும் ஹாமில்டன் சொல்லியிருந்தார். குவாட்டர்னியன் மோகத்தில் தள்ளிப்போட்டார். 1845இல் ஆங்கிலக் கணிதர் கெய்லி தனியாகக் கண்டு வெளியிட்டு முந்திக்கொண்டார். ஆகவே இந்தக் கடிதத்தை மேசையிலேயே போட்டுவைக்காமல், பேத்தி என்ன சொன்னாள் என்று உடனே எழுது.

அன்புடன்,
முத்தையா