ஓரங்கட்டச் சொன்ன இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலம்தானே? போன வாரம் போனில் "போலீஸ் வண்டியை நிறுத்தினாங்க" என்று சொன்ன அடுத்த நொடியே லைன் கட்டாகிவிட்டது. அப்புறம் எத்தனை முறை கூப்பிட்டும் கிடைக்கவில்லை. அம்மா அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்று தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தான். அதனால்தான் இப்போது உட்கார்ந்து விவரமாக எழுதுகிறேன். போனில் என்றால் பாதியிலேயே "சரி சரி, உடம்பைப் பாத்துக்கோ" என்று வைத்துவிடுவீர்கள். முப்பது வருடம் லாரி ஓட்டிய நீங்கள் இதை முழுசாகக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

சனிக்கிழமை இரவு பத்தரை இருக்கும். ஆபீஸில் ஒருவருக்குப் பிறந்தநாள் விருந்து. முடிந்து திரும்பும்போது நான் ஓட்டினேன், கூட வேலை செய்யும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்கு லைசென்ஸ் வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. தூரத்தில் சாலை நடுவே பகல் மாதிரி வெளிச்சம். ஜெனரேட்டர் ஓடும் சத்தம். ஏதோ விபத்து என்றுதான் நினைத்தேன். கிட்டே போனால் விளக்கு போட்ட பெரிய பலகை, அதற்கு அப்பால் வரிசையாக ஆரஞ்சு நிறக் கூம்புகள். மூன்று வரிசையில் வந்த கார்களை ஒரே வரிசையாக ஒடுக்கிக் கொண்டுபோகிறார்கள். குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் பிடிக்கும் சோதனை. இங்கே அமெரிக்காவில் அதை டியுஐ செக்பாயிண்ட் என்பார்கள், டியுஐ என்றால் போதையில் ஓட்டுவது.

நான் ஒரு சொட்டுக்கூடத் தொடாதவள், ஆனாலும் வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்த நேரத்தில் எனக்கு எது ஞாபகம் வந்தது தெரியுமா அப்பா? சின்ன வயதில் லீவுக்கு உங்களோடு லாரியில் வந்தபோது, கைகாட்டி ஓரங்கட்டச் சொன்னதும் நீங்கள் ஆர்.சி. புத்தகத்துக்குள் ஒரு நோட்டை மடித்து வைத்துக்கொண்டு இறங்குவீர்களே, அதுதான். வண்டியில் எந்தக் குறையும் இருக்காது. திரும்பி ஏறும்போது உங்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

என் முறை வந்தது. ஓர் அதிகாரி குனிந்து வணக்கம் சொன்னார். லைசென்ஸைக் கேட்டார். "இன்று இரவு ஏதாவது குடித்தீர்களா?" என்றார். இல்லை என்றேன். டார்ச் வெளிச்சத்தை என் முகத்தில் அடிக்காமல் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தபடி கண்ணைப் பார்த்தார். சோதனை எதற்கு என்று அச்சடித்த ஒரு சின்ன அட்டையைக் கொடுத்துப் போகச் சொல்லிவிட்டார். மொத்தமே அரை நிமிஷம். ஊதச் சொல்லவில்லை. பேப்பர் எதையும் துருவவில்லை. காசுப் பேச்சே இல்லை.

எனக்கு இரண்டு கார் முன்னால் போனவனை மட்டும் ஓரமாக நிறுத்தியிருந்தார்கள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசுதான் இருக்கும். ஒரு கோட்டின் மேல் குதிகால் நுனிவிரலைத் தொடும்படி ஒன்பது அடி நடந்து, திரும்பி, மறுபடி ஒன்பது அடி நடக்கச் சொன்னார்கள். ஆறாவது அடியில் அவன் கை இரண்டும் தானாக விரிந்தன. அவன் சாலைப் பக்கம் சாய்ந்துவிடாதபடி ஒரு பெண் போலீஸ் குறுக்கே நின்றுகொண்டார். காருக்குள் இருந்த அவன் நண்பர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அந்தக் காரில் நான்கு பேர் இருந்தார்கள் அப்பா.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்காவுக்கும் எனக்கும் வாக்குவாதம். அவர் இங்கே வந்து பதினைந்து வருடம் ஆகிறது, சட்டம் தெரிந்தவர். "உன்மேல் என்ன சந்தேகம்? நீ வளைந்து வளைந்து ஓட்டினாயா? சிக்னலைத் தாண்டினாயா? ஒன்றுமில்லாமல் ஒருவரை நிறுத்தி நீ குடித்தாயா என்று கேட்பது எப்படி நியாயம்?" என்றார். இந்த நாட்டு அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம், காரணமில்லாமல் ஒருவரைப் பிடித்து நிறுத்தவோ சோதனை போடவோ அரசுக்கு அதிகாரம் இல்லை என்கிறது. 1791-லிருந்து இருக்கிற உரிமை. அவர் கேட்டதற்கு எனக்கு உடனே பதில் தெரியவில்லை. மறுநாள் முழுக்க உட்கார்ந்து படித்தேன்.

இதே கேள்வி இங்கே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1986 மே மாதம் மிச்சிகன் மாநிலத்தில் சாகினா என்ற கவுன்டியில், நம் மாவட்டம் மாதிரி, இப்படி ஒரு சோதனை வைத்தார்கள். ஒண்ணேகால் மணி நேரத்தில் 126 வண்டிகள் வந்தன. ஒரு வண்டிக்குச் சராசரியாக 25 நொடி பிடித்தது. குடித்து ஓட்டியதற்காகக் கைதானவர்கள் இரண்டே பேர், அதிலும் ஒருவர் நிற்காமல் தாண்டிப் போனவர். ஓட்டுநர்கள் சிலர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 1990-ல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சோதனை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஓட்டுநருக்கு ஏற்படும் தொந்தரவு சின்னது, சாலையில் போகும் உயிர்கள் பெரிது என்று தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் எழுதினார். எதிர்த்து எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் வாதம் இது: இத்தனை போலீஸை ஒரே இடத்தில் நிறுத்தி இரண்டு பேரைப் பிடிப்பதற்கு, அவர்களை ரோந்து அனுப்பினால் இன்னும் அதிகம் பேரைப் பிடிக்கலாமே.

இதில் இன்னொரு சங்கதி. வழக்கு திரும்பி மிச்சிகனுக்கே வந்தபோது, அந்த மாநிலத்துக்கென்று இருக்கும் உச்ச நீதிமன்றம், மிச்சிகனின் சொந்த அரசியல் சாசனப்படி இது செல்லாது என்று 1993-ல் சொல்லிவிட்டது. ஒரே சோதனை, நாட்டுச் சட்டப்படி சரி, மாநிலச் சட்டப்படி தப்பு! டெக்சாஸ், வாஷிங்டன், ஒரிகன், மின்னசோட்டா என்று பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இன்றைக்கும் இந்தச் சோதனை கிடையாது.

நான் இருக்கும் கலிபோர்னியாவில் உண்டு. ஆனால் போலீஸ் நினைத்த இடத்தில் நினைத்தபடி வைக்க முடியாது. 1987-ல் இந்த மாநில உச்ச நீதிமன்றம் சில கட்டுப்பாடுகள் விதித்தது. எங்கே, எப்போது வைப்பது என்பதை மேலதிகாரிதான் தீர்மானிக்க வேண்டும். இது போலீஸ் சோதனை என்று தூரத்திலேயே தெரிய வேண்டும். காத்திருக்க வைக்கும் நேரம் குறைவாக இருக்க வேண்டும். முன்கூட்டியே ஊருக்குச் சொல்வதும் அந்தப் பட்டியலில் இருந்தது. அப்படிச் சொல்லாவிட்டால் மட்டும் சோதனை செல்லாமல் போகாது என்று பிறகு 1993-ல் தீர்ப்பு வந்தது. ஆனாலும் பல ஊர்களில் இன்ன நாளில் சோதனை உண்டு என்று முதலிலேயே அறிவித்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. எந்த வண்டியை நிறுத்துவது என்பது அங்கே நிற்கிற போலீஸ்காரர் கையில் இல்லை. எல்லா வண்டியும், அல்லது மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று முன்பே வைத்த கணக்கு. அந்தக் கணக்கில் வந்தால் பணக்காரன் காரும் நிற்கும், என் பழைய காரும் நிற்கும்.

அக்காவிடம் நான் சொன்னதும் இதைத்தான். ரோந்து போகிற போலீஸ்காரர் யாரை நிறுத்துவது என்று அவரே பார்த்து முடிவு செய்கிறார். இங்கே கறுப்பு இளைஞர்கள் எத்தனையோ பேர், சும்மா சும்மா எங்களைத்தான் நிறுத்துகிறார்கள் என்று காலகாலமாகச் சொல்கிறார்கள். நம் நிறத்தவர்களுக்கும் அந்தப் பயம் உண்டு. அன்று ராத்திரி எனக்கு முன்னால் நின்றவர் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, பின்னால் ஒரு சீனக் குடும்பம். நடுவில் நான். என் முகத்தைப் பார்த்து யாரும் என்னை நிறுத்தவில்லை. உரிமை என்று பார்த்தால், ரோந்து வண்டியை நம்புவதைவிட இந்த வரிசையை நம்புவது எனக்கு எளிதாக இருக்கிறது. நீங்கள் ஆர்.சி. புத்தகத்தோடு இறங்கியபோது இப்படி ஒரு கணக்கு இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

சரி, இதனால் பலன் உண்டா? இங்கே 2022-ல் மட்டும் குடித்து ஓட்டியதால் நடந்த விபத்துகளில் 13,524 பேர் செத்திருக்கிறார்கள். கிட்டத்தட்ட 39 நிமிஷத்துக்கு ஒருவர். நன்றாக விளம்பரம் செய்து சோதனை வைத்த இடங்களில் இப்படிப்பட்ட உயிர்ப்பலி விபத்துகள் ஏறக்குறைய 9 சதவீதம் குறைகின்றன என்று ஆராய்ச்சிகளைத் திரட்டிப் பார்த்துச் சொல்கிறார்கள். பிடிபடுகிறவர்களை மட்டும் எண்ணினால் இது புரியாது. ஒருமுறை உங்களோடு வந்த இன்னொரு டிரைவர் குடித்திருக்கிறார் என்று சாவியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, விடியும்வரை லாரியை ரோட்டோரம் போட்டுவிட்டீர்கள். லோடு தாமதமானதென்று ஓனர் உங்கள் பேட்டாவைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு யாரும் சாகவில்லை. அதை எந்தக் கணக்கில் எழுதுவது? சனிக்கிழமை சோதனை இருக்கிறது என்று தெரிந்து டாக்ஸியில் வீட்டுக்குப் போனவனும் அப்படித்தான். சோதனையைப் பகிரங்கமாக அறிவிப்பதே அவனுக்காகத்தான்.

ஆனால் எல்லாமே சரி என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஆபீஸைச் சுத்தம் செய்ய ராத்திரி வருகிற ஒருவர் தன் கதையைச் சொன்னார். பல வருடம் முன்பு, இதே மாதிரி ஒரு சோதனையில் அவரை நிறுத்தினார்கள். அவர் குடிக்கவில்லை. அவரிடம் லைசென்ஸ் இல்லை. நாட்டில் தங்கப் பேப்பர் இல்லாதவர்களுக்கு அப்போது லைசென்ஸே தரமாட்டார்கள். காரை இழுத்துக்கொண்டு போய் முப்பது நாள் வைத்துவிட்டார்கள். மீட்கக் கேட்ட பணம் காரின் விலையைவிட அதிகம், விட்டுவிட்டு வந்துவிட்டார். வேலைக்குப் போக அவருக்கு இருந்தது அந்த ஒரே வண்டி. குடிகாரனைப் பிடிக்கிறோம் என்று வலையை விரித்துவிட்டு ஏழையின் காரை அள்ளிக்கொண்டு போவது அநியாயம். இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு கொதித்தது. நல்லவேளை, கலிபோர்னியாவில் 2012 முதல், லைசென்ஸ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சோதனையில் அப்படிக் காரைப் பிடித்து வைக்க முடியாது. லைசென்ஸ் உள்ள ஒருவர் வந்து எடுத்துப் போகலாம். 2015 முதல் அவரைப் போன்றவர்களுக்கும் லைசென்ஸ் தருகிறார்கள். அவரும் வாங்கிவிட்டார், எடுத்துக் காட்டினார்.

இன்டியானாபொலிஸ் என்ற ஊரில் போதைப்பொருள் தேடுவதற்காக இதே போலச் சாலையை மறித்தபோது, 2000-ல் நாட்டின் உச்ச நீதிமன்றம் கூடாது என்று சொல்லியிருக்கிறது. சாலையில் உயிரைக் காப்பது வேறு, எதையாவது பிடிக்கலாம் என்று எல்லாரையும் நிறுத்துவது வேறு. அந்தக் கோட்டைத் தாண்டாதவரை நான் இந்தச் சோதனையின் பக்கம்தான்.

உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும் ஒன்று. இங்கே எல்லாரையும் ஊதச் சொல்வதில்லை. வாடை அடித்தால், கண் சிவந்திருந்தால், பேச்சு குழறினால்தான். சிட்னியில் இருக்கிற பெரியப்பா மகனிடம் கேட்டேன். அங்கே 1982-லிருந்து நிறுத்தினால் யாராக இருந்தாலும் ஊதியே ஆக வேண்டுமாம், யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லையாம். அளவிலும் வித்தியாசம் இருக்கிறது. நம் சட்டப்படி நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம். இங்கே 80. யூட்டா மாநிலத்தில் மட்டும் 50. இந்த விஷயத்தில் நம் சட்டம்தான் கண்டிப்பு என்று அக்காவிடம் சொன்னேன், அவர் நம்பவே இல்லை.

அம்மாவுக்கு இன்னொரு கவலை இருக்கும், விசா. என்னைப் போல் விசாவில் இருக்கிறவர்கள் குடித்து ஓட்டிக் கைதானால், வழக்கு முடிவதற்கு முன்பே விசாவை ரத்து செய்ய இவர்களுக்கு அதிகாரம் உண்டு. அது உண்மைதான். எனக்கு அது வராது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் தம்பி அடுத்த வருடம் படிக்க வருகிறேன் என்கிறானே, அவனிடம் இந்தப் பாராவைக் கட்டாயம் படிக்கச் சொல்லுங்கள்.

அந்த அட்டையை இத்தோடு வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இருக்கிறது, தம்பி படித்துச் சொல்வான். அம்மாவுக்கு இந்தக் கடிதம் முழுக்க வேண்டாம். "மொத்தமே அரை நிமிஷம்" என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை படித்துக் காட்டுங்கள். அக்காவின் கேள்விக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள் என்று எழுதுங்கள் அப்பா, அவருக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்