பத்து மைக்ரோ நொடிக்குள்

பெண்டிகோ, ஆஸ்திரேலியா

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா எழுந்து நடமாடுகிறார் என்று படித்ததும் மனம் நிம்மதியாயிற்று. தங்கம் தேடும் கருவி என்னவாயிற்று என்று கேட்டிருந்தாய். இந்த மாதம்தான் அது சரியாக வேலை செய்யத் தொடங்கியது.

12 வோல்ட் பேட்டரியிலிருந்து கம்பிச் சுருளுக்குள் மின்னோட்டத்தைச் செலுத்தி, நொடிக்கு ஏறத்தாழ 600 முறை மாஸ்ஃபெட் என்னும் மின்னணுச் சாவியால் சட்டென்று துண்டிக்கிறேன். அந்தக் கணத்தில் மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டம் எழுந்து தேய்கிறது. அந்தத் தேய்வை அதே சுருளே உணர்ந்து சொல்கிறது. பெரிய கட்டியில் அது நெடுநேரம் நிற்கும். அரிசிமணி அளவுத் தங்கத்திலோ சில மைக்ரோ நொடிகளில் அடங்கிவிடும். ஆகவே துண்டித்தபின் எவ்வளவு விரைவாகக் காதுகொடுக்க முடிகிறது என்பதே எல்லாம்.

இதை உணராமல் இரண்டு மாதங்கள் அந்த மெல்லிய குறிப்பைப் பெரிதாக்கும் மின்சுற்றையே மாற்றி மாற்றிப் பார்த்தேன். குறை சுருளில் இருந்தது. 19 செ.மீ. விட்டத்தில் 26 சுற்றாக எனாமல் கம்பியை நெருக்கிச் சுற்றியிருந்ததால், கம்பிகளுக்கிடையே மின்னூட்டம் தேங்கும் தன்மை (மின்தேக்குத்திறன்) மிகுந்து, சுருளின் அதிர்வு அடங்கவே 20 மைக்ரோ நொடிக்கு மேல் ஆனது. அதற்குள் சிறு தங்கம் பேசி முடித்துவிடும். தடித்த உறையுள்ள டெஃப்லான் வயரில் மீண்டும் சுற்றி, குறுக்கே உள்ள, அதிர்வைத் தணிக்கும் மின்தடையையும் திருத்திய பிறகு, 10 மைக்ரோ நொடியிலேயே கேட்க முடிகிறது. காற்றுத் துப்பாக்கியின் ஈயக் குண்டை நான்கு விரற்கடைத் தொலைவில் அறிகிறது.

இங்குள்ள இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணும் தேய்ந்து மறையும் ஒரு குரலை எழுப்புகிறது. சற்றுத் தாமதித்து இன்னொரு முறை கேட்டு, அந்த அளவைத் தக்கபடி பெருக்கி முதல் அளவிலிருந்து கழித்தால் மண்ணின் குரல் அடங்கும். ஆனால் மண்ணைப் போலவே தேயும் சில தங்கத் துணுக்குகளும் சேர்ந்து மறைவது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆணியையும் இது பிரித்தறியாது. 1980இல் இதே விக்டோரியா மாநிலத்தின் கிங்கோவரில் 27 கிலோ தங்கக் கட்டி, உலோகம் தேடும் கருவியால்தான், ஓரடி ஆழத்தில் அகப்பட்டது. எனக்கு இதுவரை 0.3 கிராம்.

கோலார் தங்கச் சுரங்கத்தின் கழிவு குவிந்த சயனைடு மேட்டில் இதை வைத்துத் தேடலாமா என்று கேட்கிறாய். பயனில்லை. அங்கே பாறையைப் பொடியாக அரைத்துக் கொட்டியிருக்கிறார்கள். எஞ்சிய தங்கம் துகளாகச் சிதறியிருப்பதால் எந்தச் சுருளுக்கும் அது கேட்காது.

நீயும் செய்து பார்ப்பதானால், பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் எல்லாம் கிடைக்கும். வயர் 16 மீட்டர் போதும். வரைபடம் இத்துடன் இருக்கிறது. கருவி ஓடும்போது சுருளின் முனைகளைத் தொடாதே. துண்டிக்கும் கணத்தில் அங்கே சில நூறு வோல்ட் எழும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்