புது ஊர் வேண்டாம், இருக்கும் ஊருக்கு நாள் கூட்டுங்கள்

ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் பணிப்பாளர் சபையினருக்கும், எந்த ஊருக்கு எத்தனை விமானம் என்று திட்டமிடும் பிரிவினருக்கும்,

வணக்கம்.

கொழும்பு வெள்ளவத்தையில் டிக்கட் போடுவது என் தொழில். உங்கள் டிக்கட்டும் விற்கிறேன், உங்களுக்குப் போட்டியாகப் பறப்பவர்களின் டிக்கட்டும் விற்கிறேன். அதனால் இதைப் பயணி ஒருவரின் முறைப்பாடாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த ஊருக்கு, கிழமைக்கு எத்தனை தடவை என்று நீங்கள் தீர்மானிக்கும் விதத்தைப் பற்றித்தான் பேச வந்தேன். உங்களுக்கு நட்டம் வந்தால் திறைசேரி கொடுக்க வேண்டும், திறைசேரிக்கு நாங்கள் கொடுக்க வேண்டும். அரச உத்தரவாதத்தோடு நீங்கள் எடுத்த 17.5 கோடி டொலர் கடன்பத்திரம் 2024 ஜூனில் முதிர்ந்தபோது கட்ட முடியாமல் போனதை ஊரே அறியும். ஆகவே கேட்பதற்கு எங்களுக்கும் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அடுத்த சில வருடங்களுக்குப் புதிய ஊர் எதையும் திறக்காதீர்கள். இருக்கும் ஊர்களுக்கு நாட்களைக் கூட்டுங்கள், நேரங்களைத் திருத்துங்கள்.

என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிறவர் முதலில் விலைதான் கேட்பார் என்று உங்கள் விற்பனைப் பிரிவு நினைக்கக்கூடும். பெரும்பாலும் அப்படி இல்லை. "புதன்கிழமை இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு அம்மாவுக்குச் சென்னைக் கண் ஆஸ்பத்திரியில் வியாழன் காலை நேரம் கொடுத்திருப்பார்கள். அவர் புதன் மாலைக்குள் அங்கே நிற்க வேண்டும். கூறைப்புடவை எடுக்கப் போகும் குடும்பம் வெள்ளிக்கிழமை போய் ஞாயிறு இரவு திரும்ப வேண்டும், திங்கள் எல்லாருக்கும் வேலை. திருச்சியில் இறங்கி ஸ்ரீரங்கம், சமயபுரம், அப்படியே தஞ்சாவூர் என்று சுற்றுகிறவர்களோ நாள் பார்த்துத்தான் வெளிக்கிடுவார்கள். செவ்வாய் வெறுவாய் என்று அன்றைக்குப் பயணம் தொடங்க மாட்டார்கள். ராகுகாலத்தைக்கூடப் பேசிச் சமாளித்துவிடலாம். விமானமே இல்லாத நாளை என்ன சொல்லிச் சமாளிப்பது?

விமான அட்டவணையில் நாட்கள் எண்களாக வரும், திங்கள் 1, ஞாயிறு 7. சேவை இல்லாத நாளுக்கு ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகளைப் பார்த்தவுடனே எங்களுக்குத் தெரிந்துவிடும், இந்த விற்பனை கஷ்டம் என்று. போகும் நாள் ஒத்துவந்து திரும்பும் நாள் புள்ளியில் விழுந்தால், அவர் ஒரு பக்கத்தை உங்களிடமும் மறுபக்கத்தை இன்னொருவரிடமும் வாங்க மாட்டார். இரண்டையும் சேர்த்து மற்றவரிடம்தான் வாங்குவார். ஆகவே போட்டியாளர் ஏழு நாளும் பறக்கும் ஊருக்கு நீங்கள் மூன்று நாள் மட்டும் பறந்தால், நாள் கணக்கில் வரவேண்டிய பங்குகூட உங்களுக்கு வந்து சேராது. அதிலும் கூடுதலாகக் காசு கொடுக்கும் வியாபாரப் பயணிதான் முதலில் விலகிப் போவார். கூட்டம் ஒரு நாள் பிந்தினாலும் திரும்பி வர விமானம் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

செலவுப் பக்கத்திலும் இதே கதைதான். ஒரு ஊரைத் திறந்தால் அங்கே ஒரு அலுவலகம், தரைப் பணிகளுக்கு ஒப்பந்தம், விளம்பரம், முகவர்கள் எல்லாம் வேண்டும். விமானம் மூன்று நாள் போனாலும் ஏழு நாள் போனாலும் இவற்றில் பெரும்பகுதி குறையாது. தூர இடமானால் இன்னொன்று: போன விமானிகளும் பணியாளர்களும் ஓய்வெடுக்காமல் திரும்ப முடியாது, அடுத்த விமானம் வரும்வரை ஹோட்டலில்தான் இருக்க வேண்டும். நாள்தோறும் சேவை என்றால் மறுநாள் விமானத்தில் வந்துவிடுவார்கள். கிழமைக்கு இரண்டே சேவை என்றால் மூன்று நாள் அறை வாடகை, சாப்பாட்டுப் படி, இங்கே ஆள் பற்றாக்குறை. இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் புது ஊரை அறிவிக்கும் செய்தியாளர் மாநாட்டில் இந்தச் செலவு ஒருபோதும் பேசப்படுவதில்லை.

அப்புறம் விமானக் கணக்கு. மெல்பேர்ணுக்குப் போக ஏறக்குறைய பத்தரை மணித்தியாலம், திரும்பவும் அப்படியே. தரையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு நாள் முடிந்துவிடும். அதாவது மெல்பேர்ணுக்கு நாள்தோறும் பறப்பதென்றால் உங்கள் பெரிய விமானமான ஏ330 ஒன்று முழுசாக அதற்கே எழுதிவைத்த மாதிரி. லண்டனுக்கும் அப்படியே ஒன்று. இருபத்துச் சொச்சம் விமானங்கள் வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில், அதில் பாதிக்கும் மேல் சிறியவை என்றால், நாள்தோறும் போகக்கூடிய தூர ஊர்களை ஒரு கையின் விரல்களால் எண்ணிவிடலாம். ஒன்று பழுதுபார்க்கப் போனால் அந்த விரல்களிலும் ஒன்று மடங்கும். இந்த நிலையில் ஒரு அமைச்சர் "அடுத்தது இந்த நகரம்" என்று மேடையில் சொன்னால், எந்த விரலை மடக்கப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

பழையதைக் கிளறுவது நோக்கமல்ல, ஆனால் உதாரணங்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கின்றன. 2013இல் ஆறு ஏ330களுக்கும் நான்கு ஏ350களுக்கும் கையெழுத்துப் போட்டீர்கள். ஏ350கள் ஐரோப்பிய நீண்ட பயணங்களை மனதில் வைத்துக் கேட்கப்பட்டவை. 2016 முடிவதற்குள் ரோம், பரிஸ், பிராங்பேர்ட் மூன்றும் அட்டவணையிலிருந்து போயின. ஏ350 ஒப்பந்தத்தை உடைக்கப் பல கோடி டொலர் இழப்பீடு கொடுக்க வேண்டியிருந்தது. எந்த ஊருக்கு எத்தனை நாள் என்று முடிவாகாமல் விமானத்தைப் பேசி வைத்ததன் விலை அது. அந்த விமானக் கொள்வனவில் நடந்த லஞ்சக் கதையை 2020இல் எயார்பஸ் வெளிநாட்டு நீதிமன்றத் தீர்வுகளில் ஒத்துக்கொண்டது, அதைப் பற்றி வேறு ஆட்கள் நிறையவே எழுதிவிட்டார்கள்.

மத்தள விமான நிலையம் 2013 மார்ச்சில் திறந்தது. அதை இரண்டாவது மையம் என்று சொல்லி அங்கே விமானங்களை இறக்கி ஏற்றினீர்கள். ஒவ்வொரு இறக்கத்துக்கும் எண்ணெய், தரையிறங்கு கட்டணம், சில்லுத் தேய்மானம், கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் தவறிப்போகும் தொடர்விமானம். 2015 ஜனவரியில் ஆட்சி மாறிய அதே மாதத்தில் அந்தச் சேவை நின்றது. வியாபாரக் காரணத்தால் தொடங்கிய சேவை ஆட்சி மாறினால் நிற்குமா? அப்போது உங்கள் நிறுவனத்தை நடத்தி வந்த எமிரேட்ஸ் 2008இல் வெளியேறியதற்கு முன்னால், நிரம்பியிருந்த லண்டன் விமானத்தில் ஜனாதிபதியின் பரிவாரத்துக்கு இடம் கொடுக்கவில்லை என்று எழுந்த சர்ச்சையையும் நாங்கள் மறக்கவில்லை. இருக்கைக்கே அப்படி என்றால் ஊரைத் தெரிவு செய்வதில் எவ்வளவு கைகள் நுழையும்!

இந்தியப் பக்கத்தில் 2017 ஜூலையில் ஒரே மாதத்தில் ஹைதராபாத், விசாகப்பட்டினம், கோயம்புத்தூர் என்று மூன்று ஊர்களைத் திறந்தீர்கள். கோயம்புத்தூர் செய்தி வந்தபோது நானும் சந்தோஷப்பட்டேன். இன்று அந்த மூன்றில் உங்கள் வரைபடத்தில் மிஞ்சியிருப்பது ஹைதராபாத் மட்டும்.

உங்கள் பலம் எங்கே என்று கேட்டால், பக்கத்தில். திருச்சி ஏறத்தாழ 420 கிலோமீற்றர், மதுரை 350, சென்னை 650. 2022 நெருக்கடியில் இங்கே எண்ணெய் இல்லாதபோது தூரப் பயண விமானங்கள் இறங்கி நிரப்பிக்கொண்டு போனதும் பக்கத்துத் திருவனந்தபுரத்தில்தான். குறுகிய பயணம் தனியாக நின்று லாபம் தராது என்ற வாதம் எனக்குத் தெரியும். ஏறுவதற்கே எண்ணெயின் பெரும்பகுதி போய்விடும், தரையிறங்கு கட்டணம் தூரத்தைப் பார்க்காது, ஒரு மணித்தியாலப் பறப்புக்கு ஒரு மணித்தியாலம் தரையில். எல்லாம் சரி. ஆனால் மெல்பேர்ண் விமானத்தை நிரப்ப ஆள் எங்கிருந்து வரும்? இரண்டு கோடிச் சொச்சம் பேர் வாழும் தீவிலிருந்து மட்டும் நாள்தோறும் நிரப்பிவிட முடியாது. தஞ்சாவூரிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் பிள்ளைகளைப் பார்க்க அவுஸ்திரேலியா போகும் தாய் தகப்பன்மார் சென்னைக்குப் போக வேண்டியதில்லை, திருச்சியிலேயே ஏறலாம். அவர்களைச் சிங்கப்பூர் வழியாக ஸ்கூட்டும், கோலாலம்பூர் வழியாக எயார் ஏசியாவும் கூட்டிப் போகின்றன. திருச்சியில் 2024 ஜனவரியில் புதிய முனையமும் திறந்துவிட்டார்கள், போட்டி இனிக் கூடுமே தவிரக் குறையாது.

அந்த அம்மா அப்பாவுக்கு வேண்டியது இரண்டு விஷயம். பெட்டிக்கு எத்தனை கிலோ என்பது ஒன்று (கருவேப்பிலைப் பொடி, வத்தல், ஊறுகாய் என்று அது ஒரு தனி உலகம்). மற்றது, நடுவழியில் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது. மெல்பேர்ண் விமானம் நள்ளிரவை ஒட்டிப் புறப்படுகிறது என்றால், திருச்சியிலிருந்து மாலையில் ஒன்று வந்து சேர வேண்டும். காலையில் மட்டும் வந்தால் அவர்கள் பகல் முழுவதும் கட்டுநாயக்கவில் கதிரையில் இருக்க வேண்டும், பிள்ளை இணையத்தில் பார்த்து சிங்கப்பூர் வழியைப் பிடித்துவிடும். ஆகவே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று திருச்சிக்கும் மதுரைக்கும் சென்னைக்கும் போவது ஆடம்பரமில்லை. காலை விமானம் ஒரு பக்கத்துத் தொடர்புகளுக்கும் மாலை விமானம் மறுபக்கத்துத் தொடர்புகளுக்கும் ஆள் சேர்க்கும். சென்னை உட்பட ஆறு பெருநகரங்களுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லாமல் பறக்க 2016 டிசம்பரில் இந்தியாவோடு உடன்பாடும் வந்துவிட்டது. சென்னையைப் பொறுத்தவரை இடம் இருக்கிறது, விமானத்தை எங்கே விடுவது என்பதுதான் கேள்வி. தட்டுப்பாடு வந்து விமானங்கள் குறையும்போது, "பக்கத்து ஊர்தானே" என்று முதலில் இந்தப் பக்கம் கை வைக்காதீர்கள். ஒரு திருச்சி விமானத்தை வெட்டினால் அதற்குப் பின்னால் இருக்கும் மெல்பேர்ண், சிட்னி இருக்கைகளும் சேர்ந்து காலியாகும்.

லண்டன் விதிவிலக்கு. ஹீத்ரோவில் கையில் இருக்கும் இறங்கு நேரங்களில் 80 சதவீதத்தைப் பயன்படுத்தாவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும், திரும்ப வாங்குவது இலேசில்லை. அதைத் தொடாதீர்கள்.

இனி எங்கள் ஆட்களே கோபப்படக்கூடிய விஷயத்துக்கு வருகிறேன். "பலாலிக்கு ஸ்ரீலங்கன் ஏன் பறப்பதில்லை?" என்று யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கிறோம். கேட்பதில் நியாயம் இருக்கிறது. உங்களுக்கு முன்னிருந்த தேசிய விமான நிறுவனமான எயார் சிலோனின் முதல் பயணமே 1947 டிசம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாக மதராசுக்குப் போனதுதான். 'சீதா தேவி' என்ற டகோட்டா விமானம். ஆனால் இன்று உங்களிடம் இருப்பது ஏ320உம் அதைவிடப் பெரியதும். 2019 அக்டோபரில் திறந்த பலாலியின் ஓடுபாதை ஏறத்தாழ 1,400 மீற்றர். நிறைந்த ஏ320க்கு அது போதாது. அலையன்ஸ் எயாரும் இண்டிகோவும் அங்கே கொண்டுவருவது ஏ.டி.ஆர் எனப்படும் எழுபது பேர் அளவில் ஏறக்கூடிய விசிறி விமானம், அந்த ஊருக்கு அதுதான் அளவு. நீங்கள் அப்படி இரண்டு வாங்கினால் அதற்கென்று தனி விமானிகள், தனிப் பயிற்சி, தனி உதிரிப்பாகம் வேண்டும். இரண்டு விமானத்துக்காக இவ்வளவும் வைத்திருப்பது கட்டாது. எங்களுக்கு வாலில் மயில் படம் வேண்டியதில்லை. பலாலிக்கு ஏற்கெனவே வருகிறவர்களோடு பேசி, யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை வழியாக உங்கள் நிறுவனத்தின் அல்லது கூட்டாளிகளின் விமானத்துக்கு ஒரே டிக்கட், ஒரே பெட்டிச் சீட்டு என்று செய்துகொடுத்தால் போதும். ஓடுபாதையை நீட்டுவது அரசாங்கத்தின் வேலை. நீட்டிய பிறகு உங்களிடம் வருகிறோம், அப்போது சாக்குச் சொல்லாதீர்கள்.

வியாபாரக் கணக்குக்கு ஒத்துவராத ஊருக்கும் சிலநேரம் பறக்கத்தான் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். தூதரக உறவு, சுற்றுலா, வெளிநாட்டில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகள் என்று காரணங்கள் இருக்கும். நோர்வேயில் வடக்கேயும் மேற்கேயும் உள்ள சின்னச் சின்ன ஊர்களுக்கு அரசே கேள்விப்பத்திரம் கோரி, நட்டத்தை இன்ன தொகை என்று எழுதிக் கொடுத்துப் பறக்க வைக்கிறது. அந்த முறையை இங்கேயும் கொண்டுவாருங்கள். அரசு ஒரு ஊரைக் கேட்டால், யார் கேட்டது, எத்தனை நாள், எவ்வளவு நட்டம், அதைத் திறைசேரி எந்தக் கணக்கில் தருகிறது என்பது உங்கள் ஆண்டறிக்கையில் ஊர்வாரியாக ஒரு பக்கத்தில் வரட்டும். ஊர்வாரி இலாப நட்டம் வியாபார இரகசியம் என்பீர்கள். மற்ற ஊர்களுக்கு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மேலிடம் கேட்ட ஊர்களுக்கு மட்டும் வெளியிட்டால் எந்தப் போட்டியாளருக்கு என்ன லாபம்?

குளிர்கால அட்டவணை ஒக்டோபர் கடைசி ஞாயிறு தொடங்கும். அடுத்ததை நீங்கள் வெளியிடும்போது முன்பக்கத்தில் புது ஊர் ஒன்றின் படத்தை நான் தேட மாட்டேன். திருச்சி, மதுரை, சென்னை வரிகளில் எத்தனை புள்ளிகள் குறைந்திருக்கின்றன, மாலை விமானம் வந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். பதில் எழுத விரும்பினால், வெள்ளவத்தைப் பக்கம் உங்கள் டிக்கட் விற்கும் எந்தக் கடைக்கு அனுப்பினாலும் சரி, நாங்கள் எல்லாரும் கேட்பது இதைத்தான்.

இப்படிக்கு,
காலி வீதியில் டிக்கட் போடும் ஒருவன்