பாதி ஆரஞ்சு மிட்டாய்

கோவில்பட்டி,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள முருகேசனுக்கு,

வழக்கம்போல ‘டேய் லேட்டு’ என்றுதான் ஆரம்பித்தேன். அடித்துவிட்டு வேறு தாள் எடுத்திருக்கிறேன். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன். வாட்ஸப்பில் அனுப்பினால் நீல டிக்கோடு விட்டுவிடுவாய், தபால் என்றால் பிரித்தாவது பார்ப்பாய் இல்லையா?

இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. கடலைமிட்டாய் ஊரில் குடியிருந்துகொண்டு மோந்து பார்த்து நாளை ஓட்டுகிறேன். மைக் சார் பேரன் காதுகுத்துக்குக் கூப்பிட்டிருந்தார். ‘இரண்டே வார்த்தை’ என்று ஆரம்பித்து, ஆசாரி வந்து நின்ற பிறகும் முடிக்கவில்லை. நம் சிநேகிதன் கட்டை வட்டிக்குப் பணம் விடுகிறானாம். நம் இரண்டு பேரிடமும் வாங்கினதைப் பற்றி மூச்சு இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தனுஷ் நடித்த ‘கர்ணன்’ படம் பார்த்துவிட்டேன்.

சிரிக்காதே. 2021 ஏப்ரலில் நீ போன் போட்டு, “திருநெல்வேலிக்கு வா, சேர்ந்து பார்ப்போம்” என்றாய். கொரோனா, தியேட்டரில் பாதி சீட்டுதான் என்று நழுவினேன். நீ பார்த்துவிட்டு வந்து ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் பேச்சைவிட மூச்சுதான் அதிகம் கேட்டது. அதற்கு நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்குத்தான் இப்போது திரும்பப் படிக்கக் கூசுகிறது. படக்கதைக்கு மூலமாகச் சொல்லப்படுகிற கொடியன்குளம் கிராமத்தில் போலீஸ் புகுந்தது 1995 ஆகஸ்ட் 31, படத்தில் 1997 என்று போட்டிருக்கிறார்கள், இது வரலாற்றுப் பிழை என்று படத்தைப் பார்க்காமலே வக்கீல் நோட்டீஸ் மாதிரி எழுதியிருக்கிறேன். அப்புறம் அவர்களே ‘1990களின் பிற்பகுதி’ என்று மாற்றினார்கள் அல்லவா, அதற்கு ஒரு சிரிப்புப் பொம்மை வேறு அனுப்பினேன். அதன் பிறகு நீ பேசவில்லை. வேலை மும்முரம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் மகள் டிவியில் போட்டாள். பிளஸ் ஒன் படிக்கிறாள், எல்லாவற்றுக்கும் கேள்வி. வலிப்பு வந்து நடுரோட்டில் கிடக்கிற பிள்ளையை ஒதுக்கிக்கொண்டு வண்டிகள் போகும்போதே, “யாருமே ஏன் நிறுத்தல?” என்று ஆரம்பித்தாள். படம் என்றேன். அப்புறம் பஸ் வந்தது. வயிற்றுப்பிள்ளைக்காரியும் புருஷனும் பையனும் கை காட்ட, நிற்காமல் போகிறது. அந்தச் சின்னப் பையன் கல்லெடுத்து எறிகிறான். “ரெண்டு நிமிஷம் நிறுத்துனா டிரைவருக்கு என்னப்பா நஷ்டம்?” என்றாள். அதற்கும் படம் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை.

எனக்கு அப்போது தெரிந்தது தனுஷ் இல்லையடா, நம் காலை எட்டுப் பத்து பஸ். உங்கள் ஊரைத் தாண்டித்தான் எங்கள் ஊருக்கு வரும். உங்கள் ஊர் விலக்கில் வேகம்கூடக் குறைக்காது. நீ அங்கே நின்று பிரயோஜனமில்லை என்று தெரிந்து, கண்மாய்க்கரை குறுக்குப்பாதையில் ஓடி எங்கள் ஊர் நிறுத்தத்தில் பிடிப்பாய். மழைக்காலத்தில் கரிசல் மண் அப்பி, ஒவ்வொரு காலும் ஒரு படி கனம் இருக்கும். செருப்பு கையில், தூக்குவாளி மற்றக் கையில், பை முதுகில் அடித்துக்கொண்டே வரும். நாங்கள் நாலு பேர் கடைசி சீட்டில் தலையை வெளியே நீட்டி, லேட்டு பிடிப்பானா மாட்டானா என்று பந்தயம் கட்டுவோம். ஒரு ஆரஞ்சு மிட்டாய். நான் எப்போதும் ‘பிடிப்பான்’ பக்கம்தான். அதை இத்தனை வருஷம் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தவறவிட்ட நாளில் நடந்தே வருவாய், பிரேயர் முடிந்திருக்கும், வெளியே முட்டி போடுவாய். ஒன்பதாம் வகுப்பில் பாதி நாள் உன் கால்முட்டியில் மணல் ஒட்டியிருந்ததைத்தான் பார்த்தோம். ஒரு வாத்தியாராவது ‘ஏன்டா லேட்டு?’ என்பதற்கு மேல் கேட்டிருக்கிறாரா? வாத்தியாரை விடு. நான் கேட்டேனா? அந்த வண்டி உங்கள் ஊரில் நிற்காது என்பது வெயில் அடிக்கும், மழை பெய்யும் என்கிற மாதிரி ஒரு சங்கதியாகத்தான் எனக்கு இருந்தது.

நீயாவது திட்டியிருக்கலாம். பந்தயம் தெரிந்த அன்றைக்கு மூச்சு வாங்கிக்கொண்டே, “ஓடுனது நாந்தானலே, பாதி குடு” என்று கையை நீட்டினாய். அதைச் சொல்லிச் சொல்லி உன் கல்யாணத்தில்கூடச் சிரித்தோம். நீயும் சிரித்தாய். அது என்ன சிரிப்பு முருகேசா?

படத்தில் அந்தப் போலீஸ் அதிகாரிக்குப் பொறுக்காதது எது என்று பார். ஊர்ப் பெரியவர் தலைப்பாகையைக் கழற்றவில்லை, அவருக்குத் துரியோதனன் என்று பெயர். உடைந்த பஸ்ஸுக்கு விசாரணை என்று வந்தவனுக்குப் பெயர்தான் தைக்கிறது. அதைப் பார்க்கும்போதுதான் உனக்கு நாங்கள் வைத்த பெயர் சுருக்கென்று பட்டது. பஸ்ஸை நிறுத்தாதது ஒருத்தன், பெயர் விழுந்தது உனக்கு.

பெயர் என்றதும் 1997 ஞாபகம் வருகிறது. கட்டபொம்மன் படையில் இருந்த, தாழ்த்தப்பட்ட சமூகத்து வீரர் சுந்தரலிங்கம் பெயரில் விருதுநகரில் ஒரு போக்குவரத்துக் கழகம் என்று அறிவித்தார்கள். அந்தப் பெயர் போட்ட பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று மற்றச் சாதிக்காரர்கள் கிளம்பினார்கள். கல்வீச்சு, சாவு. கடைசியில் எல்லாத் தலைவர் பெயரையும் பஸ்ஸிலிருந்தும் மாவட்டத்திலிருந்தும் எடுத்துவிட்டார்கள். நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி ஆனது, சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆனது. எங்கள் வீட்டில் அப்பா, “இதுதான் சரி, யாருக்கும் வேண்டாம்” என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஒரு பெயரை ஏற்றுக்கொள்ள மனசில்லாமல் இருக்கிற அத்தனை பெயரையும் அழித்ததற்கு அப்போது எங்கள் தெருவில் நியாயம் என்று பெயர்.

1995 சாதிக் கலவரமும் வீரசிகாமணியில் ஒரு பஸ் டிரைவருக்கும் பள்ளிக்கூடப் பையனுக்கும் வந்த தகராறில்தானே ஆரம்பித்தது. நம் வயசுப் பையன். ஒரு மாதம் கழித்துக் கொடியன்குளத்தில் போலீஸ்காரர்கள் டிவி, ஃபேன் என்று உடைத்துக் கிணற்றில் பூச்சிமருந்தைக் கொட்டினார்கள். அந்த நாட்களில் நீ பள்ளிக்கூடமே வரவில்லை. திரும்பி வந்ததும் நோட்டு வாங்கி எழுதிக்கொண்டாய். நான் நோட்டைக் கொடுத்தேன், ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படம் முழுக்கப் பிடித்தது என்று சொன்னால் நீயே நம்பமாட்டாய். மாரி செல்வராஜுக்குக் கழுதை, குதிரை, பருந்து என்று எல்லாவற்றையும் ஒரு அர்த்தத்தோடு கொண்டுவந்து நிறுத்தாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது. கடைசியில் கத்தி, ரத்தம் என்று போனதும் எனக்குக் கொஞ்சம் விலகிவிட்டது. சினிமா ஹீரோ வந்துவிட்டால் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சௌகரியம், வில்லன் யார் என்று காட்டிவிடுவார்கள், நாம் இல்லை என்று எழுந்து போகலாம். ஆனால் படத்தில் பஸ் நிற்கிற பக்கத்து ஊரான மேலூர்க்காரர்கள் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிற இடம் இருக்கிறதே, அங்கே நான் எழுந்து போக முடியவில்லை. அதில் பாதிப் பேர் எதுவும் செய்வதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்.

நேற்று மகளைக் கூட்டிக்கொண்டு அந்த வழி பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டரிடம் உங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி இரண்டு டிக்கெட் கேட்டேன். நாற்பத்தைந்து வயதில் முதல் தடவை. பஸ் நின்றது. இப்போது நிழற்குடை இருக்கிறது, உள்ளே ஆடு படுத்திருந்தது. குறுக்குப்பாதையைக் காட்டலாம் என்று பார்த்தால் வேலிக்கருவை மண்டிக் கிடக்கிறது. இதில் ஓடினால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டாள். உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

உன் அம்மாவைப் பார்த்தேன். கண் சரியாகத் தெரியவில்லை. “யாருப்பா?” என்றார்கள். வாய்ப்பழக்கம், “லேட்டு கூடப் படிச்சவன்” என்றுவிட்டேன். “எந்த லேட்டு?” என்றார்கள். முப்பது வருஷம், அந்தப் பெயரை நீ வீட்டில் சொன்னதே இல்லை.

உன் பெயரைச் சொன்னேன். உட்காரச் சொல்லிக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். சர்க்கரையைப் பற்றி மூச்சு விடாமல் குடித்தேன். வாசல் லைட் பத்து நாளாக எரியவில்லையாம், பொங்கலுக்கு வந்து பார்ப்பான் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். நாளைக்கு ஆள் கூட்டிப் போய் மாற்றிவிடுகிறேன், நீ போனில் கத்தவேண்டாம். அம்மாவுக்குக் கண்ணைக் காட்ட வேண்டும், அதற்கு நீதான் வரவேண்டும். என்றைக்கு என்று இரண்டு வரி எழுது, பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

உன்,
சண்முகம்