ரெண்டு பிரின்சிபலும் ஒரே சத்தம்தான் பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுறேன். நேத்து ராத்திரி போன்ல உன் குரலே சரியில்ல, அம்மாகிட்ட சளின்னு சொல்லி சமாளிச்சுட்ட, அப்புறம் எனக்கு மட்டும் மெசேஜ்ல விஷயத்தைச் சொன்னியே, அதுலேர்ந்து எனக்குத் தூக்கமே வரல. லோன் கஸ்டமருக்குப் போன மெயில்ல பிரின்சிபல் அமவுண்ட்னு வர்ற இடத்துல கொள்கைன்னு அர்த்தம் வர்ற இன்னொரு பிரின்சிபல் விழுந்துடுச்சு, அதை உங்க மேனேஜர் ரவுண்டு போட்டு குரூப்ல காமிச்சு தமிழ் மீடியமான்னு கேட்டிருக்காரு. தப்பைக் காட்டினது சரிதான், அது அவரு வேலை. தமிழ் மீடியமான்னு கேட்டதுதான் எனக்கு மனசுக்கு ஆகல. இந்தத் தப்புக்கும் மீடியத்துக்கும் சம்பந்தமே கிடையாதும்மா, இங்கிலீஷ்காரங்களே மாத்திப் போடுற வார்த்தைங்க இது.

நீ போன்ல பேசியே டைப் பண்ணினேன்னு சொன்ன. அங்கதான் வந்துருக்கு வினை. ரெண்டுமே சரியான ஸ்பெல்லிங், அதனால செவப்புக் கோடு வராது.

முப்பது வருஷமா இந்த இன்ஸ்டிடியூட்ல ஷார்ட்ஹேண்ட், அதான் சுருக்கெழுத்து, சொல்லிக் குடுக்குறேன், நீ சின்னப் புள்ளையா அந்த பழைய ரெமிங்டன் டைப்ரைட்டர் மெஷினுக்குக் கீழ உக்காந்து பெல் சத்தத்தை எண்ணிக்கிட்டு இருப்ப. பிட்மன் 1837ல கண்டுபிடிச்ச அந்த எழுத்து முழுக்க முழுக்க சத்தத்துக்குத்தான் கோடு, ஸ்பெல்லிங்குக்கு இல்ல. இடத்தைச் சொல்ற சைட், பார்வையைச் சொல்ற சைட், தீர்ப்பை மேற்கோள் காட்டுற சைட், மூணுக்கும் ஒரே கோடுதான். டிக்டேஷன் எடுக்குறப்ப பிரச்சினையே வராது, திருப்பி சாதாரண எழுத்துல, லாங்ஹேண்ட்ல எழுதுறப்பதான் எதுன்னு நாம முடிவு பண்ணணும். உன் போனும் அதே வேலையைத்தான் செய்யுது, முடிவு பண்றதுல சில நேரம் கோட்டை விட்டுடுது.

எனக்கும் நடந்துருக்கு, உன்கிட்ட சொன்னதில்ல. கல்யாணத்துக்கு முன்னாடி தஞ்சாவூர்ல ஒரு வக்கீல் ஆபீஸ்ல டைப்பிஸ்டா இருந்தேன். தீர்ப்பை சைட் பண்றோம்னு அவரு சொன்னதை நான் பார்வை சைட்டா அடிச்சு வச்சுட்டேன். ஒரு ஒரிஜினல், மூணு கார்பன் காப்பி. ஒரு எழுத்தைத் திருத்தணும்னாலும் ஒவ்வொரு காப்பிக்கும் நடுவுல பேப்பர் சொருகி தனித்தனியா ரப்பர் போட்டு அழிக்கணும், கோர்ட்டுக்குப் போறதுல அழிச்ச தடம் இருக்கக் கூடாதுன்னு முழுசா திருப்பி அடின்னுட்டாரு. ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அடிச்சேன், விரல் நுனியெல்லாம் நீலம், கடைசி பஸ்ஸும் போயிடுச்சு. அன்னைலேர்ந்து அந்த மூணு சைட்டையும் எனக்கு மூஞ்சி மூஞ்சியா தெரியும்.

உன் பிரின்சிபலுக்கு வர்றேன். வட்டியும் முதலும்னு நாம சொல்றோமே, அந்த முதல்தான் லோன்ல வர்ற பிரின்சிபல். காலேஜ் பிரின்சிபலைத் தமிழ்ல என்ன சொல்றோம், முதல்வர். ரெண்டுமே முதல், ரெண்டுக்குமே கடைசியில பி-ஏ-எல். இங்கிலீஷ் எழுத்துல முதல் எழுத்து என்ன, ஏ. முதல்னு அர்த்தம் வந்தா முதல் எழுத்து உள்ள இருக்கும். கொள்கை, நெறி அந்த மாதிரி அர்த்தம் வந்தா பி-எல்-ஈ. இதை நான் தமிழ் வழியாத்தான் கண்டுபிடிச்சேன், எந்த கிராமர் புக்கும் சொல்லிக் குடுக்கல, தமிழ் மீடியம்னு கேட்ட மனுஷன்கிட்ட இதைச் சொல்ல முடிஞ்சா எனக்கு சந்தோஷமா இருக்கும்.

ஏன் இப்படி ஒரே சத்தத்துக்கு ரெண்டு ஸ்பெல்லிங் வச்சிருக்காங்கன்னு கேப்ப. பல வார்த்தைங்க ஒரு காலத்துல வேற வேற சத்தமாவே இருந்துச்சு. கறி மீட்டும் சந்திக்கிற மீட்டும் வேற வேற மாதிரி உச்சரிச்சாங்க, குதிரை வீரன் நைட்ல வர்ற கே எழுத்தையும் சேத்து உச்சரிச்சாங்க. 1476ல வில்லியம் காக்ஸ்டன் அச்சு மெஷினை இங்கிலாந்துக்குக் கொண்டு வந்தாரு, அப்புறம் ஸ்பெல்லிங் கொஞ்சம் கொஞ்சமா அப்படியே நின்னுடுச்சு, வாய் மட்டும் மாறிக்கிட்டே போச்சு. நம்ம ஊர்லயும் அதே கதைதானே. இப்ப கொல்லைப் பக்கம் சம்பாவுக்கு டிராக்டர் ஓடுது, அடுத்த வீட்டுப் பெரியப்பா உளவு ஓட்டுறேன்னுதான் சொல்றாரு. அதை உளவு பாக்குறதுன்னு யாராவது நினைக்கிறாங்களா? எழுதுறப்ப ழ போட்டு உழவுன்னு எழுதிடுறோம். வாழைக்கும் வாளை மீனுக்கும் மன்னார்குடி மார்க்கெட்ல சத்தம் ஒண்ணுதான், பையில எது வருதுன்னு நமக்குத் தெரியும். தமிழ்ல உனக்கு இது கை வந்ததுதான்மா, இங்கிலீஷ்ல கண்ணு இன்னும் கொஞ்சம் பழகணும், அவ்வளவுதான்.

ஸ்டேஷனரியும் அப்படித்தான், கடைசியில ஈ-ஆர்-ஒய் வந்தா பேப்பர் பேனா, ஏ-ஆர்-ஒய் வந்தா நகராம நிக்கிறது. என்வலப்புக்கு முதல் எழுத்து ஈ, அதை வச்சுக்கோ. ரெண்டும் ஒரே வேர்தான், அந்தக் காலத்துல ஊர் ஊரா சுத்தாம ஒரே இடத்துல கடை போட்டு புஸ்தகம் வித்தவங்களை ஸ்டேஷனர்னு கூப்பிட்டாங்க. காதால கேக்குற ஹியர்ல காது இருக்கு, ஈ-ஏ-ஆர். இங்கன்னு சொல்ற ஹியர் அங்க, எங்கன்னு சொல்ற வார்த்தைக்குள்ளயும் அப்படியே உக்காந்திருக்கும், எழுதிப் பாரு தெரியும். வண்டியை நிறுத்துற பிரேக், உடைக்கிற பிரேக் எல்லாம் உனக்குத் தெரியும், வண்டி ஓட்டுறவ.

மெயிலை அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை உதட்டை மூடிக்கிட்டு வெறும் கண்ணால படி. வாய்விட்டுப் படிச்சா காது சரின்னு சொல்லிடும்.

ஆகஸ்ட் பரீட்சை முடிஞ்சதால இன்ஸ்டிடியூட்ல கூட்டம் கம்மி, அப்பாவுக்கு நேரம் இருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு கூப்பிடுறேன், பேப்பரும் பென்சிலும் எடுத்து வச்சுக்கோ, போன்ல டைப் பண்ணக் கூடாது. பத்து வாக்கியம் சொல்றேன், நிதானமா 60 ஸ்பீடுதான், நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை, எழுதி போட்டோ எடுத்து அனுப்பு. அம்மா கைமுறுக்கு சுத்தி வச்சிருக்கா, வியாழக்கிழமை பார்சல் போடுறோம்.

அப்பா