வீடியோவை அணைக்காதே, கண்ணு

அன்பு மகள் தேவிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. மேலூர் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நீ அனுப்பிய மொய்யை உன் பெயரிலும் மாப்பிள்ளை பெயரிலும் சேர்த்தே எழுதச் சொன்னேன்.

போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில்தான் நீ பேசவிடுவதில்லையே. இரண்டு மாதமாக வீடியோ வரவில்லை. கேமரா சரியில்லை என்றாய். சரி, இருக்கலாம். தருண் தூங்குகிறான் என்றாய். லண்டனில் அப்போது சாயங்காலம் நாலு மணி. போன வாரம் அவனே உன் போனை எடுத்து "அம்மாச்சி" என்றான். "ச்சி" காற்றாகப் போனது. நீ உடனே போனை வாங்கிவிட்டாய். 37 வருஷம் பாலர்களோடு கிடந்தவளுக்கு, முன்பல் இல்லாத வாய் காதிலேயே தெரியும் கண்ணு. ஐந்து வயதில் பல் விழலாம், ஒன்று விழும். நாலும் சேர்ந்து விழாது.

அதன் பிறகுதான் சம்பந்தியம்மா கல்யாணப் பந்தியில் வாய் தவறிச் சொன்னார். மேல்வரிசையில் நாலு பல், மயக்க மருந்து கொடுத்து ஆஸ்பத்திரியில் பிடுங்கினார்களாம். பள்ளிக்கூடத்தில் எடை பார்த்துவிட்டு, பையன் எடை அதிகம் என்று கடிதமும் வந்ததாம். "தேவி உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றாள்" என்று அவரே கண் கலங்கினார். அப்புறம் எனக்கு இலையில் கை போகவில்லை. பெற்றவளுக்குச் சொல்லாமல் பிள்ளையை மயக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, வெளியே தனியாக உட்கார்ந்திருந்தாயா? மாப்பிள்ளைக்காவது அன்று லீவு கிடைத்ததா?

கோபம்தான், மறைக்கவில்லை. ஆனால் நீ ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அங்கன்வாடி டீச்சர் மகள், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எடை போட்டவள் மகள், தன் பிள்ளையை இப்படி வளர்த்துவிட்டாளே என்று நான் சொல்லிவிடுவேன் என்று பயந்திருக்கிறாய். பத்து வயதிலேயே என் மையத்தில் உட்கார்ந்து எடை அட்டையில் புள்ளி வைத்துக் கொடுத்தவள் நீ. "அம்மா, இந்தக் கோடு கீழே இறங்குது, இவங்க வீட்டுக்குப் போகணும்" என்பாய். உன்னைப் பற்றி நான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வது அதைத்தான்.

கலாவின் மகள் மதுரையில் பல் மருத்துவம் படிக்கிறாள் அல்லவா, அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். இங்கிலாந்து அரசாங்கம் வெளியிட்ட கணக்கையெல்லாம் அவள் எடுத்துப் படித்துச் சொன்னாள். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். அங்கே 2024இல் பார்த்தபோது ஐந்து வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 22 பேருக்குச் சொத்தைப் பல். 2008இல் 31 பேர். நன்றாகக் குறைந்துகொண்டே வந்து, 2017இல் 23க்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. மிகவும் ஏழ்மையான பகுதிகளில் நூற்றுக்கு 32 பேர், வசதியான பகுதிகளில் 14 பேர்கூட இல்லை. உன் பிள்ளை வயதுப் பிள்ளைகள், ஐந்திலிருந்து ஒன்பது வயது வரை, அந்த நாட்டில் ஆஸ்பத்திரியில் படுப்பதற்கு முதல் காரணமே சொத்தைப் பல்தானாம். நீ மட்டும் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. அன்று உன் பக்கத்து நாற்காலியிலும் ஒரு தாய் இருந்திருப்பாள், பார்த்திருப்பாய்.

எடைக் கணக்கும் அப்படித்தான் இருக்கிறது. 2023-24இல், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில், அதாவது பத்துப் பதினோரு வயதில், நூற்றுக்கு 22 பேருக்கு உடல் பருமன். 2006-07இல் இது 17 சொச்சம்தான். ஏழைப் பகுதிகளில் 29, வசதியான பகுதிகளில் 13. பள்ளியில் சேரும் வயதிலேயே ஏழைப் பிள்ளைகளிடம் இரண்டு மடங்கு. இதைக் கேட்டுவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. நம் ஊரில் காரில் வந்து இறங்கும் வீட்டுப் பிள்ளைதானே குண்டாக இருக்கும்? நடவுக்குப் போகிறவள் பிள்ளை எலும்பும் தோலுமாக இருக்கும். அங்கே தலைகீழாக இருக்கிறதே என்று நினைத்தேன்.

அப்புறம் உங்கள் ஈஸ்ட் ஹாமில் உன் வீட்டில் வந்து இருந்த ஆறு மாதத்தை நினைத்துப் பார்த்தேன். பள்ளி விட்டதும் பிள்ளைகள் ஹை ஸ்ட்ரீட்டில் கோழி வறுவல் கடை வாசலில் நிற்பார்கள், கையில் சிப்ஸ் பெட்டி. தாய் வேலைக்கு ஓடுவாள், தகப்பன் வேலையிலிருந்து வந்து தூங்குவான். உன் வீட்டையே எடுத்துக்கொள். நீ முதியோர் இல்லத்தில் இரவு டியூட்டி முடித்து வரும்போது மாப்பிள்ளை கிடங்கு வேலைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார். மூன்று குடும்பத்துக்கு ஒரு அடுப்பு. விளையாட வாசல் கிடையாது. வயிறு நிறைய, சீக்கிரமாக, மலிவாக என்று கடைக்குப் போனால் அங்கே கிடைப்பது சீனியும் எண்ணெயும் மாவும்தான். நம் ஊரிலும் அது வந்துவிட்டது. என் மையத்துக்கு எதிரே இருக்கும் பெட்டிக்கடையில் ஐந்து ரூபாய் பாக்கெட் சரம் சரமாகத் தொங்குகிறது. கூலிக்குப் போகிற தாய் காலையில் அதைத்தான் பிள்ளை கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவளை நான் திட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.

பல்லை விட்டுவிடாதே. ராத்திரி தூங்கும் முன்னால் ஒரு தடவை, பகலில் ஒரு தடவை. பேஸ்ட் பட்டாணி அளவு போதும், ஃப்ளூரைடு உள்ளதாகப் பார். துலக்கியதும் துப்பச் சொல், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். ஏழு வயது வரை பெரியவர் கைதான் துலக்கிவிட வேண்டும்.

தேவி, இனி எழுதப்போவதைத்தான் மூன்று நாளாக எழுதாமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

2022இல் நான் ஓய்வு பெற்ற கையோடு அங்கே வந்தேன். தருணுக்கு இரண்டு வயது. ராத்திரி பால் பாட்டில் கூடாது, நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், கப்பில் கொடுங்கள் என்று முதல் நாளே சொன்னாய். சரி என்று தலையாட்டினேன். நீ டியூட்டிக்குக் கிளம்பியதும் அவன் அழுவான். மாப்பிள்ளை அசந்து தூங்குவார், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் தட்டுவார்கள். பாட்டிலில் பால் ஊற்றி, இரண்டு கரண்டி சீனி போட்டு, வாயில் வைத்தேன். உறிஞ்சிக்கொண்டே தூங்கிவிடுவான். பாட்டில் விடிகிற வரை வாயிலேயே இருக்கும். நீ வருவதற்குள் கழுவி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைப்பேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை கண்ணு, நான் விமானம் ஏறுகிற வரைக்கும். நான் வந்த பிறகு ராத்திரியில் பாட்டில் கேட்டு அழுகிறான் என்று நீ சொன்னபோதுகூட, "பிள்ளைதானே, கொடு" என்றேன்.

கலாவின் மகளிடம் மேல் முன்பல் நாலும் என்றதும், "பெரியம்மா, ராத்திரி பாட்டில் குடிச்சானா?" என்று கேட்டாள். கீழ்ப் பல்லை நாக்கு மூடிக்கொள்ளுமாம், எச்சிலும் காப்பாற்றுமாம். மேல்பல் மட்டும் அந்தச் சீனிப்பாலில் ஊறிக் கிடக்குமாம். எனக்குப் பதில் வரவில்லை.

பகலிலும் அப்படித்தான். அவன் வாயை மூடிக்கொண்டாலும் போனில் பாட்டுப் போட்டுக் காட்டி இன்னும் நாலு வாய் திணிப்பேன். 1985இல் வேலையில் சேர்ந்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான், எடை ஏற வேண்டும். கொட்டாம்பட்டியில் 1980இல் ஆரம்பித்த ஊட்டச்சத்துத் திட்டம் அது. மாதாமாதம் பிள்ளையைத் தொங்கு தராசில் போடுவோம், ஏறவில்லை என்றால் சத்துமாவு உருண்டை. அன்றைக்கு அது சரி. தராசில் தொங்கும்போது அழக்கூடத் தெம்பில்லாத பிள்ளைகளைப் பார்த்தவள் நான். எடை என்றால் ஏறணும் என்றே மனதில் பதிந்துவிட்டது. அதிகமாக ஏறினாலும் பார்க்கணும் என்று தோன்றவில்லை. இத்தனை ஆயிரம் பிள்ளைகளைத் தூக்கியிருக்கிறேன், ஒருத்தர் வாயையும் திறந்து பல்லைப் பார்த்ததில்லை. பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று நானும்தான் சொன்னேன்.

அதனால் அந்த நாலு பல்லுக்கும் உன்னைத் திட்டாதே. மாப்பிள்ளையிடமும் நான் சொன்னதைச் சொல்லிவிடு. அவர் உன்னைத்தானே குறை நினைத்திருப்பார்.

ஸ்காட்லாந்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? நர்சரியிலேயே தினமும் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துத் துலக்கவிட்டார்கள். 2003இல் பள்ளியில் சேரும் பிள்ளைகளில் நூற்றுக்கு 45 பேருக்குத்தான் பல் சொத்தையில்லாமல் இருந்தது, 2022இல் 73 பேர். தாய்மார்கள் அதே தாய்மார்கள்தானே? நம் சத்துணவு மாதிரி, வீட்டுக்கு வீடு நல்லவளா கெட்டவளா என்று பார்க்காமல் எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாகச் செய்தார்கள். இங்கிலாந்திலும் 2025இல் மூன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு, ஏழ்மையான பகுதிகளில், இதை ஆரம்பிப்பதாக அறிவித்திருக்கிறார்களாம். தருண் பள்ளிக்கூடம் அதில் இருக்கிறதா என்று கேள். வெட்கப்படாமல் கேள். பல் டாக்டர் இடம் இல்லை என்று சொன்னால் அடுத்த இடத்தில் கேள், அரசாங்கப் பல் வைத்தியத்தில் பிள்ளைகளுக்கு அங்கே காசு வாங்க மாட்டார்களே. பல்லுக்கு மேலே பூசும் ஃப்ளூரைடு பூச்சு வருஷத்துக்கு இரண்டு தடவை உண்டாம்.

எடைக்காக அவனைப் பட்டினி போடாதே. வளர்கிற பிள்ளை, எடை இப்படியே நின்று உயரம் ஏறினால் சரியாகிவிடும் என்கிறார்கள். ஜூஸை நிறுத்து, பழத்தைக் கொடு. தாகத்துக்குத் தண்ணீர். அவன் போதும் என்றால் போதும், என்னை மாதிரித் திணிக்காதே. அப்பாவின் சர்க்கரை நம் குடும்பத்தில் ஓடுகிறது, அதை மட்டும் மனதில் வை. ராத்திரி துலக்கிய பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது. துப்பச் சொல், கொப்பளிக்க வேண்டாம்.

உன் முதல் பல் விழுந்தபோது சாணியில் வைத்து ஓட்டுக் கூரைமேல் எறிந்தோம், ஞாபகம் இருக்கிறதா? அப்பா தூக்கிப் பிடித்தார். தருணின் நாலு பல்லையும் ஆஸ்பத்திரியில் என்ன செய்தார்கள்? கையில் கொடுத்தார்களா?

ஞாயிற்றுக்கிழமை வீடியோ போடு. அப்பா ஒன்றும் கேட்க மாட்டார், சொல்லி வைத்திருக்கிறேன். ஆறு வயதில் கடைவாயின் கடைசியில் புதிதாக ஒன்று முளைக்கும், பால்பல் என்று நினைத்து எல்லாரும் விட்டுவிடுவார்கள், அது நிலைப்பல். முளை தெரிகிறதா என்று டார்ச் அடித்துக் காட்டச் சொல். இந்தத் தடவை நான் அவன் வாயைப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா