ஐஎஸ்ஓவ ஏத்துறதுக்கு ஏன் இவ்ளோ பயம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல ராத்திரி நேரத்துல போட்டோ எடுக்குறது பத்தி வந்த கட்டுரை படிச்சேன், புதுசா கேமரா வாங்குனவங்களுக்கு புரியுற மாதிரி எளிமையா எழுதியிருந்தாங்க, ஆனா ஒரு இடம் மட்டும் உறுத்துது. ஐஎஸ்ஓவ, அதாவது கிடைச்ச வெளிச்சத்த கேமரா எவ்ளோ பெருக்கி காட்டணும்ங்கிற செட்டிங்க, 400க்கு மேல ஏத்தவே கூடாது, ஏத்துனா படம் புள்ளி புள்ளியா கெட்டுப்போயிடும்னு போட்டிருக்கீங்க. ஃபிலிம் ரோல் காலத்துல இது நியாயமான பேச்சு. இப்ப இருக்குற கேமராவுக்கு இத அப்படியே சொன்னா படிக்கிறவங்க கலங்கிப்போன படமா எடுத்து குவிச்சிட்டு, கேமரா சரியில்லன்னு ஓரமா வெச்சிடுவாங்க.

முதல்ல அந்த புள்ளி, அதான் நாய்ஸ், எங்கிருந்து வருதுன்னு பாக்கணும். பெரும்பாலும் அது வெளிச்சம் பத்தாததால வர்றது, ஐஎஸ்ஓ நம்பரால இல்ல. கேமராவுக்குள்ள வெளிச்சத்த புடிக்கிற சென்சார்ல ஒரு பிக்சல், அதாவது ஒரு புள்ளி, 10,000 ஒளித்துகள் புடிச்சா அதுல முன்ன பின்ன ஒரு 100 இருக்கும், அதாவது 1 சதவீதம், கண்ணுக்கே தெரியாது. அதே பிக்சலுக்கு 100 துகள் தான் கிடைச்சுதுன்னா முன்ன பின்ன 10, அதாவது 10 சதவீதம், இப்ப பக்கத்து பக்கத்து பிக்சலுக்குள்ள அந்த வித்தியாசம் பொறிபொறியா தெரிய ஆரம்பிச்சிடும். ஐஎஸ்ஓ ஏத்துறதுங்கிறது கிடைச்ச சிக்னல பெருக்கி காட்டுறது மட்டும்தான், உள்ள வர்ற வெளிச்சத்த அது கூட்டவும் செய்யாது குறைக்கவும் செய்யாது.

நம்பிக்கை இல்லாதவங்க ஒரு சோதனை பண்ணி பாக்கலாம். அரைகுறை வெளிச்சத்துல ஒரே அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு), ஒரே ஷட்டர் ஸ்பீடு (வெளிச்சம் உள்ள வர்ற நேரம்) வெச்சு ஒரு படம் 1600ல, இன்னொன்னு 6400ல எடுங்க. 1600ல எடுத்தது ரெண்டு ஸ்டாப், அதாவது நாலு மடங்கு, இருட்டா வரும், அத கம்ப்யூட்டர்ல அதே அளவு பிரகாசமாக்கி பக்கத்துல வெச்சு பாருங்க. தலைமுடி, சட்டை மடிப்புன்னு இருட்டான இடமெல்லாம் 6400ல எடுத்தத விட சுத்தமா இருக்காது, பழைய கேமராவா இருந்தா இன்னும் மோசமா, கோடு கோடா கூட வரும். கேமராவே சுருக்கி சேமிக்கிற ஜேபெக் ஃபைல்ல எடுத்திருந்தா கேக்கவே வேணாம். அப்ப ஐஎஸ்ஓவ குறைச்சு வெச்சு என்னத்த சாதிச்சோம்?

நான் பாத்த வரைக்கும் ராத்திரி படங்கள அதிகமா கெடுக்குறது நாய்ஸ் இல்ல, ஆட்டம். பொறந்தநாள் கொழந்த மெழுகுவத்திய ஊதுற நேரத்துல 1/15 செகண்ட் ஷட்டர் வெச்சா உதடும் கன்னமும் இழுத்துவிட்ட மாதிரி வரும். லென்ஸ்ல ஸ்டெபிலைசேஷன் இருக்கேன்னு சிலர் சொல்றாங்க, அது உங்க கை நடுக்கத்துக்கு தான், கொழந்தைய அது புடிச்சு நிறுத்தாது. அசையுற ஆளுங்களுக்கு 1/125க்கு கீழ போகாம, அதுக்கு ஐஎஸ்ஓ 6400 வேணும்னா 6400 வெச்சே ஆகணும். நாய்ஸ் இருக்குற படத்த பின்னாடி கொஞ்சம் சரி பண்ணிக்கலாம், அதுவும் இப்ப வந்திருக்குற சாஃப்ட்வேர்ல நல்லாவே போகுது, ஆடுன முகத்த எவ்ளோ தட்டிக்கொட்டினாலும் அந்தளவுக்கு மீட்க முடியாது.

அதுக்காக கண்ண மூடிட்டு ஏத்த சொல்லல. ஒவ்வொரு தடவ டபுள் பண்ணும்போதும் வெளிச்சமான பக்கத்துல இடம் குறையும், பல்பு, மெழுகுவத்தி சுடர் எல்லாம் வெறும் வெள்ளையா போயிடும். அதனால லென்ஸ மொதல்ல முழுசா திறங்க, படம் ஆடாத அளவுக்கு ஷட்டர எவ்ளோ மெதுவா வெக்க முடியுமோ வெச்சிட்டு, பாக்கி எவ்ளோ வேணுமோ அத ஐஎஸ்ஓகிட்ட விடுங்க. கட்டுரைல லென்ஸ் பத்தி ஒரு வரி கூட இல்லாதது தான் எனக்கு பெரிய குறை. கேமராவோடவே வர்ற கிட் லென்ஸ ஜூம் பண்ணா எஃப் 5.6 தான் கிடைக்கும் (எஃப் நம்பர் குறைய குறைய லென்ஸ் திறப்பு பெருசு), 50 எம்எம் எஃப் 1.8 போட்டா கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ள வரும், 6400 கேட்ட இடத்துல 640 போதும். ஃபோகஸ் ஆழம் ரொம்ப கம்மியாயிடும்ங்கிறது உண்மை, கண்ணு ஷார்ப்பா இருந்தா காது மங்கலா வரும், அத ஏத்துக்கத்தான் வேணும். அசையாத கட்டடம், தெருவிளக்குன்னா ட்ரைபாட் போட்டு ஐஎஸ்ஓ 100லயே எடுக்கலாம், அங்க மட்டும் உங்க கட்டுரை சொன்னது நூத்துக்கு நூறு சரி.

கேமராவுக்குள்ள இருக்குற நாய்ஸ் ரிடக்‌ஷன ஃபுல்லா வெச்சா முகம் மெழுகு பொம்மையாட்டம் ஆயிடும், புருவ முடி எல்லாம் ஒண்ணா அப்பிக்கும், அதனால சென்சார் பதிவு பண்ணத அப்படியே வெக்கிற ரா ஃபைல்ல எடுத்து பின்னாடி பாத்துக்குறது மேல்.

இன்னொன்னு, கம்ப்யூட்டர்ல 100 சதவீதம் ஜூம் பண்ணி பாத்துட்டு தான் பாதி பேர் பயப்படுறாங்க. 24 மெகாபிக்சல் படத்த 6 மெகாபிக்சலா சுருக்குனாலே நாய்ஸ் பாதியா தெரியும். உங்க பேப்பர்ல அச்சாகுற படமே கிட்ட வெச்சு பாத்தா மை புள்ளி தானே, அதுக்குள்ள 6400 நாய்ஸ யார் கண்டுபுடிக்கப் போறாங்க!

அடுத்த வாரம் தொடர்ச்சி வரும்னு போட்டிருந்தீங்க. அதுல போடுற ஒவ்வொரு படத்துக்கு கீழயும் ஐஎஸ்ஓ, அப்பர்ச்சர், ஷட்டர் ஸ்பீடு மூணையும் சின்ன எழுத்துலயாவது போட்டா படிக்கிறவங்களுக்கு உபயோகமா இருக்கும்.

இப்படிக்கு,
ஞாயிறு இணைப்ப விடாம படிக்கிற ஒரு வாசகர்